சேஃப்டி சார் கட்டிய வரப்பு

பசுமாட்டின் பின்னால் நிற்பவர்கள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்று கொட்டகையில் பலகை எழுதி மாட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பலகை அட்டையில் எழுதப்பட்டிருந்ததால் மூன்றாம் நாளே மாடு அதைத் தின்றுவிட்டது. "தீவனத்துக்குப் பக்கத்துல மாட்டினது என் தப்பு" என்று அதற்கும் ஒரு படிவம் நிரப்பிக் கோப்பில் வைத்தார். மாட்டிடம் கையெழுத்து வாங்காததுதான் பாக்கி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் சேஃப்டி சார். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்தார். யாரும் எங்கிருந்தும் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே விழுவதற்கு உயரமே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இருப்பதிலேயே உயரம் மாரியம்மன் கோயில் படிக்கட்டு, அதுவும் நாலே படி. அப்படிப்பட்ட ஊருக்கு மனைவி சுமதியையும், ஒன்பதாவது போகிற மகள் யாழினியையும் கூட்டிக்கொண்டு, சொந்த நிலத்தில் விவசாயம் செய்தே தீருவது என்று வந்து இறங்கினார்.

பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்றே நடுவீட்டில் ஒரு வரைபடம் ஒட்டினார். தீப்பிடித்தால் வெளியேறும் வழி. வீட்டுக்கு முன்வாசல் ஒன்று, கொல்லைவாசல் ஒன்று. இரண்டும் நேர்கோட்டில் இருந்தன. முன்வாசலில் நின்றால் கொல்லையில் துணி காய்வது தெரியும். அதற்குத்தான் சிவப்பு அம்புக்குறி போட்டு வரைபடம். நான் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தபோது சுமதி சொன்னார்.

"சிரிக்காதீங்கண்ணே. மஸ்கட்ல பாத்ரூம்லயும் ஒண்ணு ஒட்டியிருந்தாரு."

"சரிம்மா, இனிமே இங்கயேதானே?"

"அது அவருக்கு. நான் ஒரு சம்பா போகத்துக்குத்தான் டைம் குடுத்துருக்கேன். தையில நம்ம நெல்லு வீட்டுக்கு வந்தா இருக்கோம். வரலைன்னா பெட்டியக் கட்டிக்கிட்டுப் போறோம், பொண்ணுக்குப் பத்தாவது அங்கதான். கம்பெனில அவரு சீட்டப் பொங்கல் வரைக்கும் வெச்சிருக்காங்க."

சேஃப்டி சார் பக்கத்தில்தான் இருந்தார். மறுக்கவில்லை. "ஒரு போகம் போதும்ணே. பதினாலு மாடிக் கட்டடத்தையே ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லாம முடிச்சுக் குடுத்தவன் நான். ஆறு மா நிலம் என்ன பண்ணிரும்?" என்றார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். நிலம் என்ன பண்ணும் என்பது அதில் விழுந்து எழுந்த எனக்குத் தெரியும். ஆனால் அன்று டீயோடு முறுக்கும் வந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் வயலுக்கு மேலண்டைப் பக்கம் எனக்கு மூன்று மா இருக்கிறது. நானும் விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். மண்வெட்டி பிடிக்கும் வேலை என்றால் எனக்கு முதுகு வலிக்கும். வலி வேலை வருவதற்கு முதல்நாளே வந்துவிடும்.

புரட்டாசிக் கடைசியில் சேஃப்டி சார் வயலில் நடவு. அஞ்சலை தன் ஆட்கள் பன்னிரண்டு பெண்களோடு வந்தார். எங்கள் பக்கம் நடவு என்றால் அஞ்சலைதான். அவர் போட்ட வரிசையில் நூல் பிடித்துப் பார்க்கலாம். வந்தவர்களை வயலில் இறங்க விடாமல் வாய்க்கால் கரையில் வரிசையாக நிறுத்தினார் சேஃப்டி சார். விசில் ஊதினார். தலை எண்ணினார். ஆளுக்கொரு மஞ்சள் சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். பிறகு, வேலை தொடங்குமுன் அன்றைய ஆபத்துகளை விளக்கும் கூட்டம். மஸ்கட்டில் தினமும் காலையில் நடக்குமாம்.

"இன்னைக்கு இந்த வேலையில என்னென்ன ஆபத்து இருக்கு? யாராவது சொல்லுங்க பாக்கலாம்."

"நாப்பது வருசமா நடுறேன் சாரே, சேத்துல என்ன ஆபத்து?" என்றார் அஞ்சலை.

"பாம்பு வரலாம்ல?"

"நாங்க பேசுற சத்தத்துக்கு அதுதான் பயப்படணும்."

பூட்ஸோடு இறங்கினார்கள். நாலு எட்டு வைத்ததும் சேறு பூட்ஸைக் கவ்விக்கொண்டது. கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. கால்மணி நேரத்தில் வயலெங்கும் கறுப்புப் பூட்ஸுகள் சீரான இடைவெளியில் முளைத்து நின்றன. அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "சாரே, ஒரு தெளிவு வேணும். நாத்து நடச் சொன்னீங்களா, பூட்ஸ் நடச் சொன்னீங்களா?"

வயலே சிரித்தது. சேஃப்டி சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, 'பூட்ஸ்: இந்த மண்ணுக்குப் பொருந்தாது' என்று எழுதிக்கொண்டார். அடுத்த யோசனை தயாராகிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தோற்றுப்போகவே தெரியாத மனிதரோடு பக்கத்து வயல்காரனாக இருப்பது எவ்வளவு பெரிய சோதனை என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

நடவு முடிந்த நாலாம் நாள் நான் அவர் வரப்பில் விழுந்தேன். விழுந்தது பெரிதில்லை. யாரும் பார்க்காமல் எழுந்துவிட்டால் அது விழுந்த கணக்கிலேயே வராது. அவர் பார்த்துவிட்டார். ஓடிவந்தார். தூக்கினார். நோட்டை எடுத்தார்.

"ஏண்ணே விழுந்தீங்க?"

"வழுக்கிருச்சு தம்பி."

"ஏன் வழுக்குச்சு?"

"வரப்பு ஈரம்."

"ஏன் ஈரம்?"

"வயல்ல தண்ணி நிக்குது. நெல்லு நட்டிருக்கீங்க."

"தண்ணி ஏன்..."

"தம்பி, இதுக்கு மேல போனா காவேரியைத்தான் குத்தம் சொல்லணும்."

உண்மை என்னவென்றால், ஒருவர் பரோட்டாவைக் கொத்திக் கொத்திப் போடும் வீடியோவைச் செல்போனில் பார்த்துக்கொண்டே நடந்து வந்தேன். ஐம்பத்தாறு வயதுக்காரன் அதைச் சொல்ல முடியுமா? "வரப்புதான் தம்பி காரணம். ஒரே மோசம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நொண்ட வேண்டிய அவசியமே இல்லை. படிவத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

மறுவாரம் அவர் வயலோரம் ஒரு லாரி செங்கல், சிமெண்ட், கம்பிக்கட்டு எல்லாம் வந்து இறங்கின. பத்தே நாளில் நாலு பக்கமும் மண் வரப்பு போய், ஒன்றரை அடி உயரத்தில், கம்பி கட்டி, காங்கிரீட் போட்ட வரப்பு வந்துவிட்டது. மேலே சொரசொரப்பாக, கால் வழுக்காமல் கோடு வேறு கிழித்திருந்தார். தண்ணீர் உள்ளே வர என் வயல் பக்கம் ஒரு மடை. வெளியேறக் கீழண்டைப் பக்கம் வடிகால் ஓரமாக நாலு அங்குலக் குழாய், அதற்கு ஒரு வால்வு, வால்வுக்கு ஒரு பூட்டு.

களையெடுக்க வந்த அஞ்சலை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வரப்புன்னா வெட்டுறதுக்குத்தானே சாரே? அடைமழை வந்தா எத வெட்டுவீங்க?"

"வால்வு இருக்கு."

"வானத்துக்கு வால்வு இருக்கா?"

அவர் அதையும் எழுதிக்கொண்டார். நான் மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் பொய் இரண்டு ஏக்கரைச் சுற்றிக் காங்கிரீட்டாக நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, நாலாம் நாள் காலையில் வயலும் வாய்க்காலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. எங்கள் ஊரில் இதற்கு ஒரே வைத்தியம்தான். ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய்க் கீழண்டை வரப்பை வெட்டிவிட வேண்டும். வயலுக்கு வயல் இறங்கித் தண்ணீர் வடிகாலுக்குப் போய்விடும். என் வயல் தண்ணீர் அவர் வயல் வழியாகத்தான் போயாக வேண்டும். மடை வழியாக மொத்தமும் அவர் வயலில் போய் விழுந்தது. விழுந்தது அங்கேயே நின்றது. பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. இப்படியே நாலு நாள் முழுகிக் கிடந்தால் அழுகிப்போகும்.

சேஃப்டி சார் ஹெல்மெட்டோடு வால்வைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். கடல் தண்ணீரை ஓர் எறும்பு குடித்துத் தீர்ப்பதைப் போலக் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டியால் வரப்பில் ஒரு போடு போட்டார். மண்வெட்டியின் முனை மடங்கியது. பதினாலு மாடி தாங்கும் கலவையல்லவா?

அஞ்சலையின் ஆட்களும் தெருக்காரர்களும் கடப்பாரை, சம்மட்டியோடு ஓடிவந்தார்கள். அவர் விசிலை எடுத்து ஊதினார். "யாரும் அவசரப்படாதீங்க. முதல்ல இதுல என்ன ஆபத்துன்னா..."

சுமதி தண்ணீருக்குள் இறங்கி வந்தார். எனக்கு அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தாலே போதும். பயிர் அழுகும், ஏற்கெனவே பேசிவைத்தபடி பெட்டி கட்டலாம், மகளோடு விமானம் ஏறலாம். அவர் நேராக அஞ்சலை கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார்.

"என்னங்க, மீட்டிங்க அப்புறம் போடுங்க. தள்ளுங்க."

முதல் குத்து அவருடையதுதான். அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. சேஃப்டி சார் விசிலைப் பையில் போட்டுவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினார். நான் அவர் பக்கத்தில் நின்று, முக்கியமான வேலையாகக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை.

"தம்பி, அன்னைக்கு நான் விழுந்தது வரப்பால இல்ல. போன் பாத்துக்கிட்டே வந்தேன்."

"தெரியும்ணே. விழுந்தப்பவும் போன்ல பரோட்டா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"அப்புறம் ஏன்யா இதக் கட்டுனே?"

"உங்களுக்கு அடிபட்டுச்சுல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த அடி அடித்தார். நான் குடையை அவர் தலைப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தேன்.

உச்சிவேளையில் கீழண்டைப் பக்கம் பத்தடி நீளத்துக்கு வரப்பு பெயர்ந்தது. அவர் தண்ணீரும் என் தண்ணீரும் சேர்ந்து இரைச்சலோடு வடிகாலில் போய் விழுந்தன. யாருக்கும் கீறல்கூட இல்லை. பத்தொன்பது வருட அனுபவம் அதிலாவது வீண்போகவில்லை.

தண்ணீர் வடிந்தபோது பயிர் சேறு பூசிக்கொண்டு படுத்துக் கிடந்தது. ஒரு வாரம் கழித்து மேட்டுப் பக்கம் பச்சை தலைதூக்கியது. பள்ளத்தில் இருந்தது மக்கிப்போனது. தையில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்படி நாங்கள் வயலோரம் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் மஸ்கட்டிலிருந்து மேனேஜரின் போன் வந்தது. அவரும் தமிழர்தான். சேஃப்டி சார் கையில் சேறு இருந்ததால் யாழினிதான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"ஊர்ல வெள்ளமாமே? நியூஸ்ல பாத்தேன். பாவம்யா. உங்க சீட்டு அப்படியேதான் இருக்கு. டிக்கெட் போடச் சொல்லவா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் சுமதியைத் திரும்பிப் பார்த்தார். பேசியது பேசியபடி, வெற்றி தோல்வியைச் சொல்ல வேண்டியவர் சுமதி. அவர் வயலை ஒரு தடவை பார்த்தார். பச்சையாக இருந்ததையும் பார்த்தார், மக்கிப்போனதையும் பார்த்தார். மகள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், நான் சுமதி பேசுறேன். அவரு வர முடியாது."

"ஏம்மா, அங்க இன்னும் என்ன வேலை இருக்கு?"

"இன்னும் மூணே முக்கால் பக்கம் இடிக்கணும் சார்."

மேனேஜருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சேஃப்டி சார் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்தார். அதில் எதுவும் எழுதாமல் திரும்பப் பையிலேயே வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். "எங்க கிளம்பிட்டீங்க, முதுகு வலிக்குதுன்னு சொல்லலையே?" என்று என் மனைவி அதிர்ந்துபோய்க் கேட்டாள். கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டு சேஃப்டி சார் வயலைப் பார்க்க நடந்தேன். எல்லாருக்காகவும் நான் கடப்பாரை எடுக்கிற ஆள் இல்லை.