வாணி விழாவுக்கு வைத்த பெட்டி

மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்தவனை எந்தக் கொம்பியூட்டருக்கும் கிட்ட விடக்கூடாது. ஒன்றுமே படிக்காதவன் பயந்து யாரையாவது கேட்பான். முழுக்கப் படித்தவனுக்கு எங்கே பார்க்க வேண்டுமென்று தெரியும். கொட்டாஞ்சேனையில் பின்னேர வகுப்புக்குப் போய், கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய என்னைப் போன்றவன்தான் ஆபத்து. (சட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது. உள்ளே இப்போது மகளின் படம்.)

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் கணேசலிங்கம் சேரின் மொழிபெயர்ப்பு ஒபிஸ் இருந்தது. வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்களை அவர் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பார். தட்டச்சு என் வேலை. நான் அடிப்பதெல்லாம் பின்னறையிலிருந்த சேர்வரில் போய்ச் சேரும். சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், திரையில்லாத ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். அதற்கும் என் கொம்பியூட்டருக்கும் நடுவே, அலமாரிக்குள், வயர்கள் வந்து கூடும் சின்னப் பெட்டி ஒன்று. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. அது இடி விழுந்து செத்துப்போய், கழற்ற ஆளில்லாமல் வயர்களோடு அப்படியே கிடந்தது.

அந்த வருட வாணி விழாவுக்குச் சேர் தன் அகராதியையும் பேனாவையும் முத்திரையையும் சரஸ்வதி படத்துக்கு முன் வைத்தார்.

"சேர், இந்தக் காலத்தில கொம்பியூட்டர்தானே எங்கட ஆயுதம்?" என்றேன்.

"ஓம், அதை ஆர் தூக்கி வைக்கிறது?"

நான் மூளைசாலி. செத்த பெட்டியை வைத்தால் வேலைக்கும் இடைஞ்சலில்லை, சாமிக்கும் மரியாதை. மெயின் சுவிட்சை ஏற்கெனவே அணைத்திருந்ததால் இரண்டு பெட்டியிலும் வெளிச்சமில்லை. தூசி பிடித்ததைப் போய்ச் சரஸ்வதிக்கு வைப்பார்களா? தூசியில்லாததாகப் பார்த்துக் கழற்றினேன். சந்தனம், குங்குமம், மேலே பட்டுத்துணி, அதற்கு மேல் கடலைத் தட்டு.

மறுநாள் விஜயதசமி. சேர் கும்பிட்டுவிட்டுத் தன் சாமான்களை எடுத்துக்கொண்டார். நான் கடலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பரமேஸ்வரி அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும், பாலர் பாடசாலை ஆசிரியை. லண்டனில் அவருடைய ஒரே அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டொக்டர்மார் நாள் சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்க்க விசா வேண்டும். விசாவுக்கு, அவர் இவருடைய அண்ணன்தான் என்று காட்ட இருவரின் பிறப்புச் சான்றிதழும் ஆங்கிலத்தில் வேண்டும். கொள்ளுப்பிட்டி விசா ஒபிசில் ஒரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். முந்தின நாளே இரண்டையும் அடித்து முடித்திருந்தேன். அச்செடுத்தால் சரி.

"அண்ணா கதைக்கிறாரில்லையாம் தம்பி. ஆனா ஆக்களைத் தெரியுதாம்" என்றார் அக்கா.

"இருங்கோ அக்கா, அஞ்சு நிமிசம்."

கொம்பியூட்டரைப் போட்டேன். சேர்வரைக் காணவில்லை என்றது. அணைத்துப் போட்டேன். காணவில்லை. சேர்வரை அணைத்துப் போட்டேன். வயரை ஊதினேன். (ஏன் ஊதினேன் என்று இன்றுவரை தெரியாது.) எண்களை மாற்றினேன், பெயரை மாற்றினேன், மாற்றியதை மறந்தேன். பத்தரை மணிக்கு என் கொம்பியூட்டருக்குச் சேர்வர் மட்டுமல்ல, தன் பெயரே தெரியாத நிலை.

அக்கா மெல்லக் கேட்டார். "தம்பி, கையால எழுதித் தரேலாதோ?"

"தரலாம் பிள்ளை. முந்தி நாங்கள் கையாலதானே எழுதினனாங்கள்" என்று சேர் பேனாவைத் திறந்தார்.

"வேண்டாம் சேர். கையெழுத்தைக் கண்டா அங்க சிரிப்பினம். பத்து நிமிசம் தாங்கோ."

சேர் பேனாவை மூடினார். படித்த பையன் சொல்கிறானே என்று நம்பிவிட்டார் மனிதர். பதினொரு மணிக்கு அக்கா திரும்பக் கேட்டார், நான் திரும்பவும் பத்து நிமிசம் என்றேன். அந்த இரண்டு சான்றிதழையும் புதிதாக அடிக்க முக்கால் மணி நேரம் போதும். மூலப்பிரதிகள் அக்காவின் மடியிலேயே இருந்தன. சத்தியமாக எனக்கு அது தோன்றவேயில்லை. எனக்கு வேண்டியிருந்தது சான்றிதழ் இல்லை, வெற்றி.

மருதானையில் கொம்பியூட்டர் திருத்தும் நிஸாம் நானாவுக்கு அழைத்தேன்.

"மொதல்ல அலமாரிப் பெட்டில லைட் எரியுதா பாருங்க தம்பி."

"எரியுது நானா." பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னேன். அலமாரி நேற்று நானே மூடியது, அதில் பிழை வருமா?

"அப்பிடியெண்டா சேர்வர்தான் போயிருக்கும். பின்னேரம் வாறேன்."

பன்னிரண்டரை மணியளவில், இருக்க முடியாமல் அக்கா எழும்பிச் சரஸ்வதி படத்தடிக்குப் போனார். அண்ணனுக்காகக் கும்பிட்டிருப்பார். சற்று நேரத்தில் பட்டுத்துணியை விலக்கிப் பிடித்தபடி கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பெட்டியில வயர் குத்துற ஓட்டையள் இருக்கு. இது உங்கடயோ?"

சரஸ்வதி என்னைப் பார்த்தார், சேரும் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். செத்தது அலமாரிக்குள்ளேயே இருக்க, வேலை செய்கிறதைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஓட்டைகளுக்குள் சந்தனம் காய்ந்திருந்தது. சேரின் பல்லுக் குத்தும் குச்சியால் நான் அதைத் தோண்டி எடுத்து, வயரைச் செருகி, மாற்றிய எண்களையெல்லாம் நிஸாம் நானாவைக் கேட்டுத் திரும்ப மாற்றி, அச்செடுத்து, முத்திரை குத்தும்போது ஒரு மணி ஆக ஐந்து நிமிடம். அக்காவோடு நானும் ஓட்டோவில் பாய்ந்தேன். பம்பலப்பிட்டியில் வாகனங்கள் அசையவில்லை. அக்கா வழி முழுக்க, சான்றிதழ்களில் மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே வந்தார்.

ஒன்று நாற்பது. வாசல் காவலாளி மணிக்கூட்டைக் காட்டி, "பரக்குய் மிஸ், பரக்குய்" என்றார். பிந்திவிட்டதாம். அடுத்த நேரம் மூன்று கிழமைக்குப் பிறகுதான் கிடைத்தது. இரண்டாவது கிழமையே அண்ணன் போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் அக்கா ஒபிசுக்கு வந்து மொழிபெயர்ப்புகளை மேசையில் வைத்தார். "இனித் தேவைப்படாது தம்பி. உங்களில பிழையில்லை" என்றார். ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரிமோட் தொலைந்தாலும் கதவுத் திறப்பு தொலைந்தாலும், "கடலைத் தட்டுக்குக் கீழ பாத்தீங்களோ?" என்பாள் மனைவி. மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டில் நான் சொல்லி வைத்திருக்கும் கதையில், பட்டுத்துணிக்குக் கீழே பெட்டி அகப்பட்டதோடு எல்லாம் சரியாகிவிடும். ஓட்டோ ஒரு மணிக்கு முன்பே கொள்ளுப்பிட்டிக்குப் போய்விடும்.

போன வாணி விழாவுக்குத் தன் பள்ளிக்கூடக் கொப்பியைச் சாமிக்கு வைக்கும்போது மகள் கேட்டாள். "அப்பா, அந்த அன்ரி பிறகு தன்ர அண்ணாவைப் போய்ப் பாத்தவவோ?"

"ஓம், பாத்தவ" என்றேன்.