கல்யாணப் பொடவைக்குக் கலர்

கொருக்குப்பேட்டை பாஸ்கருக்கு ஒரே கவலைதான். கல்யாணத்தன்னிக்கு நர்மதா கட்டியிருந்த பொடவை என்ன கலர்?

இருபத்தஞ்சாவது கல்யாண நாள் வருது. செலவு கம்மின்னு அப்போ எடுத்த கறுப்பு வெள்ளை கல்யாண போட்டோவை ஸ்கேன் பண்ணி, பொடவைக்கு மட்டும் கம்ப்யூட்டரில் கலர் போட்டு, பொண்டாட்டியை அசத்தணும்னு மனுசன் முடிவு கட்டிட்டார். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவருக்கு மவுஸ் ஓட்டத் தெரியாதா? ஆனா கலர் மறந்துபோச்சு. அதை வாய்விட்டுச் சொன்னா அந்த வூட்டுல சோறு கிடைக்கும், குழம்பு கிடைக்காது.

நைசா ஆரம்பிச்சார்.

“நர்மதா, நம்ம கல்யாணப் பொடவை உனுக்கு ஞாபகம் கீதா?”

“உனுக்கு?”

“எனுக்கு கண்ணுலயே நிக்குது. உனுக்கு கீதான்னு கேட்டேன்.”

நர்மதா கத்திரிக்காயைக் கீழே வெச்சுட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். “மாம்பழக் கலரு. மெரூன் பார்டரு.”

“ஆங்! அதேதான்!”

தெருமுனையில் டிடிபி சென்டர் வெச்சிருக்கும் ரஹீமுன்னிசா பொறுமையா சொல்லிக் குடுத்தாள். “பொடவையைச் சுத்தி கோடு போடுங்கண்ணே. இப்ப கலரை ஊத்துங்க.”

ஊத்தினார். கோடு தாண்டிப் போயிருந்தது. மாப்பிள்ளை மூஞ்சியும் மஞ்சள்.

“ஐயே, மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி கீறேனே!”

“அழிச்சுட்டு திரும்பப் போடுங்க. அப்பால கலரைக் கொஞ்சம் மங்கலாக்குங்க, மடிப்பெல்லாம் தெரியும்.”

மூணு நாள் போராட்டம். கடைசியில் மடிப்பு மடிப்பா, மாம்பழக் கலரில் பத்தொம்பது வயசு நர்மதா சிரிச்சாள். பாஸ்கர் தலையில அடிச்சுக்கிட்டார். இவ்ளோ அழகைப் போய் மறந்தேனே, பாவி!

கல்யாண நாள் காலையில் நர்மதா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். கண் கலங்கிடுச்சு.

“அன்னிக்குக் கட்டினது எங்க அக்கா பொடவைய்யா. பச்சை. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேன். மாம்பழக் கலர்ல ஒண்ணு கட்டணும்னு அப்போ அவ்ளோ ஆசை. அதான் அப்டி சொன்னேன்.”

பாஸ்கர் திருதிருன்னு முழிச்சார். “அப்போ நான் மறந்தது...”

“நீ கேக்கசொல்லவே தெரியும்.”

கோவமே இல்லாமல் சொன்னாள். அதுதான் மனுசனை உருக்கிடுச்சு. “கெளம்புமே! எம்.சி. ரோட்டுல ஒவ்வொரு பொடவைக் கடையா ஏறி எறங்கியாவது அந்தக் கலரை நான் எடுத்துத் தரேன்!”

ஏறி இறங்க அவசியமே வரலை. முதல் கடை வாசலிலேயே கடைக்காரர் எழுந்து நின்னார்.

“வாங்கக்கா! மாம்பழக் கலரு, மெரூன் பார்டரு, பத்து நாளா எடுத்து வெச்சிருக்கேன். மேட்ச் பிளவுஸ் தச்சாச்சா?”