ஒத்திகை சாரும் நாலாம் நம்பர் பிணமும்

ஊருக்கு ஒரு ஒத்திகை சார் இருக்கிறார். உங்கள் ஊரில் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் புதுச்சேரியில் சுனாமிக்கு முன்னால் இந்த இனம் கண்ணில் பட்டதாக யாரும் சொன்னதில்லை. அலை வந்து போன மறு வருஷமே, மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்புகிற மாதிரி எங்கிருந்தோ திரண்டு வந்துவிட்டது. பேரிடர் என்று ஒரு சொல் வந்தது, அதற்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு துணைக்குழு, துணைக்குழுவுக்கு மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்குப் போண்டா. போண்டா நன்றாக இருக்கும். அதை மறைக்கக் கூடாது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை, முதுகில் பளபளக்கும் பட்டை, கழுத்தில் விசில், இடுப்பில் யாரோடும் பேசாத வாக்கிடாக்கி, அக்குளில் ஸ்பைரல் போட்ட இருநூற்றுப் பதினான்கு பக்கத் திட்டப் புத்தகம். அந்தப் புத்தகத்தைத்தான் அவர் பிளான் என்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: “எல்லாம் பிளான்ல இருக்கு.” வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதே சார்? பிளான்ல இருக்கு. சைரன் வேலை செய்கிறதா? பிளான்ல இருக்கு. வானம் கறுத்துக்கொண்டு வருகிறதே? அதுவும் பிளானில் இருக்கிறது. நாற்பத்தேழாம் பக்கம், போன வருஷத் தேதி போட்டு.

இவர்கள் கூடிப் பயிற்சி எடுப்பதைப் பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஓட்டல், மாடியில் குளிர்சாதன அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். ஆனால் திறந்தால் திரையில் படம் வெளிறிப்போகுமாம். அதனால் கடலைத் திரைபோட்டு மூடிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து, கடல் பொங்கினால் என்ன செய்வது என்று படம் பார்ப்பார்கள். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் ஆளுக்கொரு பை, பைக்குள் ஒரு பேனா, ஒரு சான்றிதழ். ஐந்து மணிக்கு எல்லோரும் ஆயத்தமாகிவிடுவார்கள்.

அரசாங்கம் ஆயத்தமாக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஐயா, கட்டாயம் வேண்டும். அலையில் போனவர்களின் படம் மாட்டாத வீடு கடலோரத்தில் எத்தனை இருக்கும் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதனால்தான் எனக்கு இத்தனை எரிச்சல்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒத்திகை சாரின் பெயர் புருஷோத்தமன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கெட்டவர் கிடையாது. மரியாதையாகப் பேசுவார், நேரத்துக்கு வருவார், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் தபால் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருந்தவன். சும்மா இருக்கிறவனைப் பிடித்துக் குழுவில் போடுவது இங்கே வழக்கம். பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒரு அட்டையை என் கழுத்திலும் மாட்டிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி மாதம். வைத்திக்குப்பத்துக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டிய தெருவில் மாபெரும் வெள்ள ஒத்திகை. பத்தரை மணிக்குச் சைரன் ஊதும், உடனே வெள்ளம் வந்துவிடும். ஆனால் சிறப்பு விருந்தினரின் கார் வரவில்லை. ஆகவே வெள்ளம் பதினொன்றே முக்கால்வரை காத்திருந்தது. மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு மறுபடி வந்து மூழ்கினார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பிளானில் ஆறு பேர் சாக வேண்டும் என்று போட்டிருக்கிறது. மீட்கப்படுகிறவர்களுக்குப் பிஸ்கட்டும் போர்வையும் உண்டு, செத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. யார் சாவார்கள்? ஐந்து பேரை எப்படியோ பிடித்தாகிவிட்டது. ஆறாவது ஆளுக்காகத் தெருவை ஒரு சுற்று சுற்றிய புருஷோத்தமன், பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முருகையனைக் கண்டுபிடித்தார். முருகையன் மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய், மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். ஆள் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாது.

“பெரியவரே, உங்களுக்கு ஒரு வேலையும் கெடயாது. படுத்துக்கிட்டாப் போதும்.”

“அதத்தான சார் மூணு வருசமா செஞ்சிக்கினு கெடக்கறேன்” என்றார் முருகையன், சிரித்துக்கொண்டே.

அவர் மனைவி அஞ்சலாட்சி மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தாள். “ஆடி வெள்ளியும் அதுவுமா எம் வூட்டுக்காரரைப் பொணமாக்குறியா? உனக்கு வேற ஆளே கெடைக்கலையா? ஒங் கூத்துக்கு நான் வரமாட்டேன், போ!” என்று சொல்லிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். அவள் பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை. முருகையனை மட்டும் நாற்காலியோடு தூக்கி வந்து, தெருவில் படுக்கவைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, கால் கட்டைவிரலில், வீட்டு வரிசைப்படி, நாலாம் நம்பர் அட்டையைக் கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் பக்கத்தில் வரும்போது அவர் தும்மித் தொலைத்தார். விருந்தினர் இரண்டடி பின்னால் குதித்தார். “செத்தவங்க அசையக் கூடாதுங்க” என்று புருஷோத்தமன் பணிவோடு கண்டித்தார்.

அன்று சாயங்காலமே அறிக்கை தயார். வீட்டு எண் வாரியாகப் பெயர்கள்: மீட்கப்பட்டோர் ஐம்பத்தெட்டு, இறந்தோர் ஆறு, ஒத்திகை மகத்தான வெற்றி. மேலே அனுப்பினார்கள். மேலேயிருந்து பாராட்டு வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

கார்த்திகையில் நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை வாய்க்கால் பொங்கித் தெருவுக்குள் ஏறியது. ஒத்திகை சாருக்கு நிஜ வெள்ளம் வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாண வீட்டில் அழைக்காத சொந்தக்காரன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. சிறப்பு விருந்தினர் இல்லை, மைக் இல்லை, பத்தரைக்கு வர வேண்டியது ஏழு மணிக்கே வந்து நிற்கிறது. என்ன மரியாதை இது?

கட்டுப்பாட்டு அறையில் ஏழு பேர் இருந்தோம். அட்டை மாட்டிய பாவத்துக்கு நானும் ஒருவன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் டிராக்டரை அனுப்ப முடியும். புருஷோத்தமன் பிளானைப் புரட்டினார். இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் வரைபடம் உண்டு, அம்புக்குறி உண்டு, வாழ்த்துரை மூன்று உண்டு. ஆட்களின் பெயர் மட்டும் இல்லை. பெயரும் வீட்டு நம்பரும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு காகிதத்தில்தான். ஆடி மாத அறிக்கை! முகம் மலர்ந்து அதையே ஜெராக்ஸ் எடுத்து டிராக்டர்காரனிடம் கொடுத்தார். அவன் பட்டியல் பிசகாமல் பதின்மூன்றாம் நம்பர் வீட்டில் ஏற்றினான், பதினைந்தாம் நம்பர் வீட்டில் ஏற்றினான். பதினாலுக்கு நேரே ‘இறந்தவர்’ என்று போட்டிருந்தது. வண்டி நிற்கவில்லை.

ஒன்பது மணிக்கு அஞ்சலாட்சி வந்து சேர்ந்தாள். மார்பு வரைக்கும் நனைந்திருந்தாள், மூச்சு வாங்கியது.

“அய்யா, தண்ணி கட்டில் சட்டத்தத் தொட்டுடுச்சு. எம் வூட்டுக்காரரு எழுந்திரிக்க மாட்டாரு, ஒருத்தியா என்னால தூக்க முடியல. வண்டிக்காரன் அக்கம்பக்கத்துல எல்லாரையும் ஏத்திக்கினு போயிட்டான். கூப்புட்டாக்கா லிஸ்ட்ல இல்லங்கறான்.”

“டோர் நம்பர் சொல்லுங்கம்மா.”

“பதினாலு.”

புருஷோத்தமன் விரலை வைத்துத் தேடினார். “பதினாலு… முருகையன்… அவர் இறந்துட்டாரே.”

“யாரு செத்தது?” அஞ்சலாட்சியின் குரல் உடைந்தது. “நீதானய்யா படுக்க வச்ச! துணி போட்டது நீதானே!”

“அது எனக்குத் தெரியும்மா. ஆனா ரெக்கார்டுல இறந்தவர். உங்க பேர் எங்கயுமே இல்ல. அப்ப அந்த வீட்ல ஆளே இல்லன்னு ஆவுது. வேற எடத்துல ஆள் காத்திருக்கும்போது வண்டிய நான் எப்படித் திருப்ப முடியும்? ஆடிட்ல கேப்பாங்க. கவுன்சிலர்கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, அவர் உயிரோட இருக்கார்னு.”

“தண்ணியில நீந்திக்கினு போயி லெட்டர் வாங்கியாரணுமா?”

“நான் என்னம்மா பண்றது, டோட்டல் மேல போயிடுச்சு. ஐம்பத்தெட்டு, ஆறு. இப்ப மாத்தினா ஐம்பத்தொன்பது, அஞ்சு ஆயிடும்.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

வைத்திக்குப்பம் கரையில் வேம்பு என்கிற மீனவன் தன் பைபர் படகை அலைக்கு எட்டாமல் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவளிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி: “எந்தப் பக்கம்க்கா?” எட்டுப் பேர் படகைத் தோளில் தூக்கித் தண்ணீர் ஆரம்பிக்கிற இடம்வரை ஓடினார்கள். அவர்கள் போய், தண்ணீரில் ஊறி இறுகிய கதவை உடைத்தபோது முருகையன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகவாய்வரை தண்ணீரில், கண் செருகிக் கிடந்தார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பட்டியல் சரியாகிவிட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் முகாம். படகு வாசலில் வந்து நின்றது. சேதி கேட்டு எங்கள் சார் ஜீப்பில் பறந்து வந்தார், கேமராவோடு. பார்த்ததும் பதறிப்போனார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? படகில் ஒருவர்கூட லைப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. “விதிமுறை என்ன ஆகறது? நாளைக்குப் பேப்பர்ல வந்தா?” ஆள் அனுப்பி ஆபீஸ் பீரோவிலிருந்து பத்து ஜாக்கெட்டை வரவழைத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுசு. “எல்லாரும் போட்டுக்கிட்டு, பெரியவரை ஒரே ஒரு தடவ திரும்பப் படகுல ஏத்தி எறக்குங்க. ஒரு போட்டோ, அவ்ளோதான்.”

வேம்பு வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி எழுந்தாள். சார் கையிலிருந்த ஜாக்கெட்டை வாங்கினாள். நடுங்கிக்கொண்டிருந்த புருஷன் மேல் அதைப் போர்த்தினாள். கதகதப்பாக இருக்குமல்லவா? மற்ற ஒன்பதையும் பிடுங்கி ஈரத்தில் கிடந்த பிள்ளைகளுக்குக் கீழே விரித்தாள். “எடுத்துக்கோ போட்டோ” என்றாள்.

முருகையன் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, நெஞ்சுச்சளி இறங்கி, வீடு திரும்பினார். புருஷோத்தமனுக்கு எதுவும் ஆகவில்லை. படகு மீட்பு என்று ஒரு புது அத்தியாயம் எழுதிப் பிளானை இருநூற்று முப்பது பக்கம் ஆக்கினார்.

சிரிக்கிறீர்கள். நல்ல வேளை நமக்கு அந்த ஆரஞ்சுச் சட்டை இல்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வேறு. கொஞ்சம் பொறுங்கள். முருகையன் உயிரோடு இருக்கிறார் என்பது அன்றைக்கு அந்த அறையில் ஏழு பேருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம்கூட ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். “சார் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா” என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு டீ ஆறிவிடும் என்று கிளாசை எடுத்தேன். அவளைத் தேடிப் போனதெல்லாம் பிறகு, படகு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஜீப்பில் இடம் இருந்ததால்.

நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எழுந்து அவளோடு ஓடியிருப்பீர்களா? ஓடியிருப்பேன் என்று எவ்வளவு சட்டென்று சொல்கிறீர்கள்! அந்த வேகம் எனக்கும் இருந்தது. ஆடி மாதம் சைரன் ஊதியதும் அந்தத் தெருவில் முதல் ஆளாக எழுந்து ஓடினவன் நான்தான். சான்றிதழ்கூட வீட்டில் இருக்கிறது.