பின்கேட்டின் சாவி

மதிப்புக்குரிய சங்கரன் மாமாவுக்கு, மண்டைவெளியிலிருந்து கயல் வணக்கத்துடன் எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், நிலா இப்போதுதான் தூங்கினாள். வாட்ஸப்பில் கேட்டால் பதிலுக்கு ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான் அனுப்புவீர்கள். அத்தையின் முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் கட்டிலுக்கடியில் ஓர் ஓட்டுப்பெட்டி இருக்கிறது, மாமா. அதைக் கேட்டு யாராவது கதவைத் தட்டுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் அந்தப் பின்கேட்டால் வந்தது. எங்கள் குடியிருப்பின் பின்கேட்டைத் திறந்தால் அமைதியான சந்து, நிலாவின் பள்ளி வேன் அங்கேதான் நிற்கும். செயலாளர் வெங்கடரமணன் திடீரென்று ஒருநாள் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார். திருட்டு பயமாம், மீன் வாடையாம். அன்றிலிருந்து நாலரை வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வேனைப் பிடிக்க முன்வாசல் வழியே போய், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே மெயின் ரோட்டைத் தாண்டுகிறேன். போன வாரம் ஒரு பைக் அவள் பையை உரசிக்கொண்டு போனது. தண்ணீர் பாட்டில் உருண்டுபோய் பஸ் சக்கரத்தில் நசுங்கியது. பாட்டில்தான், ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நேரே போய், "பொது வழியை அடைக்கணும்னா பொதுக்குழு சம்மதிக்கணும்னு நம்ம விதியிலேயே இருக்கே சார்?" என்றேன். "இதோ பாரும்மா, ஓட்டுப் போட்டு என்னை உக்கார வெச்சிருக்கா. ஒவ்வொண்ணுக்கும் கேட்டுண்டு நிக்க முடியுமோ?" என்றார். ஓட்டு வாங்கினார் சரி, விதியையும் சேர்த்தா வாங்கினார்? பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மா கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னாமா, இவுரு செக்ரட்ரியா, ஜெயிலரா? உள்ள கீறவங்களுக்கே வழி இல்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

சரி, தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். விதிப்படி ஒருவர் இரண்டு தடவைதான் செயலாளராக இருக்கலாம். இவருக்கு இது மூன்றாவது. "லாக்டவுன்ல ஒரு வேலையும் நடக்கலையே, அது எப்படிக் கணக்குல வரும்?" என்று மனுப் போட்டுவிட்டார். எதிர்த்து நின்றது மூன்றாவது மாடி எஸ்தர் டீச்சர். தேர்தல் அதிகாரியாக ஒருத்தரும் முன்வரவில்லை. எங்கள் மாமா எத்தனை வாக்குச்சாவடி நடத்தியவர் தெரியுமா என்று நான் எப்போதோ பீற்றிக்கொண்டதை ஞாபகம் வைத்திருந்து, என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

இங்கேதான் மாமா மோசம் போனேன். பெரியவர்களுக்கு ஆளுக்கோர் ஓட்டு. பட்டியலைக் கேட்டால் வெங்கடரமணன், "பட்டியல் எதுக்கு? எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்கிறார். உங்கள் அழியாத மை கடையில் கிடைக்காது. யோசித்து யோசித்து, மருதாணிக் கோன் வாங்கி, ஓட்டுப் போட்டவர் விரலில் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு வாரம் அழியாதே! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அன்று மாலை மொட்டைமாடியில் பக்கத்து வீட்டு ஹம்சினிக்கு வளைகாப்பு என்பது மட்டும் மறந்துபோச்சு. வந்த பெண்களுக்கெல்லாம் பத்து விரலும் முன்பே சிவப்பு. "ஏற்கெனவே போட்டாச்சா?" என்றால், "இது வளைகாப்பு மருதாணிம்மா" என்று கையை ஆட்டுகிறார்கள். ஆண்களோ பொட்டு காய்வதற்குள் வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்கள். வடபழனியிலிருந்து விருந்துக்கு வந்த ஹம்சினியின் சின்ன மாமியார், பிரசாத வரிசை என்று நினைத்து நின்று, ஓட்டும் போட்டுவிட்டு, "சுண்டல் எங்கம்மா?" என்று என்னிடமே கேட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் வைத்து எண்ணினால், குடியிருப்பில் இருக்கிற பெரியவர்களைவிடப் பதினோரு ஓட்டு அதிகம். வெங்கடரமணன் முந்தியதோ ஏழே ஓட்டில். "அறிவிச்சுடும்மா" என்றார். "மாட்டேன் சார்" என்றேன். "ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுல பெட்டி வந்தாகணும். இல்லேன்னா உங்காத்துக் குழாய்ல தண்ணி வராது" என்று மெதுவாகத்தான் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை, "பெட்டியைக் குடுத்துடு கயல், தண்ணி முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடுத்தால் கேட் திறக்காது, என் பிள்ளை தினமும் அந்த ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். தேர்தலை ரத்து செய்ய எனக்கு அதிகாரம் உண்டா? முடிந்தால் நேரில் வந்து மறுதேர்தலை நடத்திக் கொடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகள்
கயல்

பி.கு.: கூரியர் கடை பூட்டியிருந்ததால் கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் ஞாயிறும் வந்து போய்விட்டது. பெட்டியோடு போய் நடந்ததைச் சொன்னேன். ஹம்சினியின் சின்ன மாமியாரே எழுந்து ஓட்டுப் போட்டதை ஒப்புக்கொண்டார். தேர்தல் ரத்து. மறுதேர்தல் வரை சாவியெல்லாம் என்னிடம் இருக்கட்டும் என்று பொதுக்குழு சொல்லிவிட்டது. ஓடிப்போய்ப் பின்கேட்டைத் திறந்தேன், எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் நான் பால் காய்ச்சும் நேரத்தில், நிலா ஒரு பூனைக்குப் பின்னால் அதே கேட் வழியே போய்விட்டாள். சந்து முனையில் ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். உடனே பூட்டிவிட்டேன், மாமா. கீழே வெங்கடரமணன் விதிப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "பொதுக்குழுவைக் கேக்காம பூட்ட யாரும்மா உனக்கு அதிகாரம் கொடுத்தா?" என்கிறார். எஸ்தர் டீச்சர் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். வெளியே கெங்கம்மா, "நீ கூடவாமா?" என்கிறாள். சாவி என் இடுப்பில். மறுதேர்தலுக்கு நீங்கள் இப்போது வர வேண்டாம். எத்தனை நாளைக்குள் நடத்த வேண்டும் என்று விதியில் இல்லை, பார்த்துவிட்டேன். பிள்ளை பெற்றவள் கேட்டைப் பூட்டலாமா, கூடாதா என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.