ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலறும் ஸ்பீக்கர்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் பழவேற்காட்டுக்குப் போவதில்லை என்று அசன் முகைதீன் சபதம் எடுத்திருந்தார். மனதுக்குள்தான் எடுத்தார். மனைவி மெஹர்னிசா பக்கத்து அறையில் இருந்தாள்.

பழவேற்காட்டில் அவருடைய மாமனாருக்கு மீன்வலைக் கடை. கடையாட்களுக்கு ஞாயிறு லீவு. மருமகனுக்கு அன்றைக்குத்தான் விருந்து. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "வாங்க மாப்ள, அந்த மூட்டைய லேசா ஒரு கை புடிங்க" என்பார். லேசான அந்த வலைமூட்டைகளை வெயிலில் பிரித்து, உதறி, மடித்து, பரணில் ஏற்றி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிப்போகும், இடுப்பு விட்டுப்போகும். வாரம் முழுக்கக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் எலக்ட்ரீஷியனாக உழைக்கிற மனிதருக்கு ஓய்வு என்று இருப்பதே அந்த ஒரு நாள்!

அவரைக் காப்பாற்ற வந்தது ஒரு யூ.எஸ்.பி. ஸ்பீக்கர். வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார். ஸ்பீக்கரைச் செருகியதிலிருந்து, கம்ப்யூட்டரைப் போட்டாலே 'டொம்' என்று ஒரு வெடி, பிறகு 'கர்ர்ர்' என்று ஓர் அலறல். படம் போட்டால் கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வந்தது. இதைச் சரிசெய்யாமல் நகரமாட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டார். மெஹர்னிசா மட்டும் ஊருக்குப் போய் வந்தாள்.

அன்றே கோளாறு பிடிபட்டது. கம்ப்யூட்டரின் உள்ளே ஓரிடத்தில் இரண்டு வரிக் கட்டளை சேர்த்தார். அலறல் போயிற்று. வசனம் வாயோடு சேர்ந்தது. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. அந்த வரிகளுக்கு முன்னால் ஹாஷ் குறி (#) போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அவற்றைக் கண்டுகொள்ளாது. ஞாயிறு காலை ஹாஷ் போடு, அலறும். மனைவி கிளம்பியதும் அழி, பாட்டு கேள். மாமனார் மூட்டை மாமனாரோடு!

சில வாரம் ஜோராக ஓடியது. இந்த ஞாயிறும் ஹாஷைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். டொம்! கர்ர்ர்!

"இன்னாங்க, இன்னும் செரியாவலையா?" என்று வந்தாள் மெஹர்னிசா.

"எங்க ஆவுது மெஹரு! பேஜாரு புடிச்ச மெஷினு. நீ போய்க்கினு வா."

"ஒண்ணு கேக்கணும். நீங்க ட்யூட்டிக்குப் போனப்புறம் தெனமும் நான் இதுல பாட்டு கேக்கறேன். ஒரு சத்தமும் இல்ல. இன்னைக்கு ஞாயித்துக்கெழமைன்னு இதுக்கு யாருங்க சொல்றது?"

அசன் முகைதீனுக்கு வேர்த்தது. "பாஸ்வேர்டு... உனக்கு எப்படி?"

"நீங்கதான சொன்னீங்க. ஒவ்வொரு எழுத்தா."

ஆலையில் சுவிட்சைத் தொடுமுன் செய்யப்போவதை உரக்கச் சொல்லியாகவேண்டும். பக்கத்தில் நிற்பவன் பிழைக்கவேண்டுமே! அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது அவருக்கே தெரியாது.

"'ரெண்டு லைனுக்கும் ஹாஷ் போடறேன்'னு வாராவாரம் கத்தறீங்க. சமையல்கட்டு வரிக்கும் கேக்குது. நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள 'ஹாஷ அழிக்கறேன்'னு அதுக்கும் ஒரு கத்து."

"கோவமா மெஹரு?"

"கோவம் இன்னாத்துக்கு? இடுப்பு வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. வாப்பாகிட்டப் பேசிட்டேன். இனிமே நீங்க பழவேற்காட்டுக்கு வரவே வேணாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனைவியையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. மெஹர்னிசா உட்கார்ந்து, இரண்டு ஹாஷையும் தன் கையாலேயே அழித்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். அலறல் இல்லை. பாட்டு இனிமையாக ஓடியது.

வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தார். ஒரு டெம்போ பின்பக்கமாக வந்து வாசலை அடைத்து நின்றது. வானம் தெரியாத அளவுக்கு வலைமூட்டை. முன்சீட்டிலிருந்து மாமனார் சிரித்தபடி இறங்கினார்.

"இனிமே அலையாதீங்க மாப்ள. உங்க மொட்டைமாடில நல்லா வெயில் அடிக்குதாமே, வாராவாரம் நானே கொண்டாந்துடறேன்!"