குழல் பாபாவின் கன்னம்

2009-இல் ஹைதராபாத்தில் இரண்டு வரிசைகள் பிரசித்தம். பேகம்பேட்டில் அமெரிக்க விசாவுக்கு ஒன்று. மல்லாபூரில் குழல் பாபாவுக்கு ஒன்று. விசாக்காரர்களாவது சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். பாபா ஒருவரையும் திருப்பியதில்லை.

வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளே எதையாவது மறந்துவிடுவார்களாம். பாபா தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். கிளிப், பிளாஸ்டிக், பஞ்சு என்று ஏதாவது ஒன்று அவர் வாயிலிருந்து தட்டில் 'டங்' என்று விழும். பஞ்சும் 'டங்' என்றுதான் விழுந்தது என்று சத்தியம் செய்ய ஆள் இருந்தது!

பித்தக்குழாயில் கல் எடுத்த நான்காம் மாதம் கனகவல்லிக்குக் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. கணவர் சாரங்கபாணியிடம் சொல்லாமல் பாபாவிடம் போனாள். ஒரு கிளிப் விழுந்தது.

"இது ஆஸ்பத்திரி வச்சது. இன்னொண்ணு இருக்கு, அம்மா. அது உங்க மருமக சோத்துல வச்சது" என்றார் பாபா.

அன்றிலிருந்து கனகவல்லி மருமகள் சுமலதாவின் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் சுமலதா பெட்டியோடு வந்து நின்றாள்.

"மாமா, நான் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போறேன். விஷம் வச்சவள்னு பேர் வாங்கிட்டு இங்க இருக்க முடியாது."

"பெட்டியை உள்ள வை. என் வீட்டுப் பொண்ணைப் பத்திப் பேசின வாயை நான் பார்க்கணும்" என்றார் சாரங்கபாணி.

கனகவல்லியோடு பார்க்கத்தான் போனார். மிச்சமிருந்த 'இன்னொண்ணை' எடுக்கக் கனகவல்லி படுத்தாள். பாபா குழலை எடுத்தார்.

"ஒரு நிமிஷம். வாயைத் திறங்க" என்றார் சாரங்கபாணி.

"கைக்கு? எதுக்கு?" என்றார் பாபா.

"பாலாநகர்ல முப்பது வருஷம் விமானக் கருவி இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன் நான். வேலைக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவரை எண்ணுவோம், முடிச்சப்புறம் எண்ணுவோம். அப்புறம்தான் மூடி போடுவோம். உங்க வாயில இப்ப ஒண்ணும் இல்லைன்னு பார்த்துக்கறேன்."

"நக்கோ, வேண்டாம்! சக்தி போயிடும்!" என்ற பாபாவின் இடது கன்னம் புடைத்திருந்தது.

"ஹவ், ஆமா, சும்மா திறந்து காட்டு பாபா! சொத்தையா எழுதிக் கேட்டாரு?" என்றது வரிசை.

பாபா யோசித்தார். பிறகு விழுங்கினார்.

விழுங்கியது பாதியில் நின்றது. கண் பிதுங்கியது; தாடி ஆடியது.

"அந்தக் குழலையே அவர் தொப்புள்ல வச்சு உறிஞ்சுங்கப்பா!" என்று யாரோ கத்த, வரிசை முழுக்கச் சிரிப்பு. பாபா மட்டும் ஆட்டோவைக் கைகாட்டினார்.

கனகவல்லிக்குக் கல் எடுத்த அதே ஆஸ்பத்திரியில் அவர் தொண்டைக்குள்ளும் கேமரா போனது. இரண்டு கிளிப், ஒரு பேனா மூடி. மருமகள்கள் யாரும் வைத்தவையல்ல.

கூடவே வந்த கனகவல்லிக்கும் கையோடு எக்ஸ்ரே எடுத்தார்கள். கல் எடுத்தபோது பித்தம் வடிய வைத்த பிளாஸ்டிக் குழாய் அங்கேயே இருந்தது. மூன்று மாதத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டார்களாம்.

"வச்சது எத்தனை, எடுத்தது எத்தனைன்னு நீங்க எண்ணுறதில்லையா டாக்டர்?" என்றார் சாரங்கபாணி.

குழாய் வெளியே வந்தது, காய்ச்சல் இறங்கியது. வீடு திரும்பிய கனகவல்லி வாசலிலேயே நின்றாள்.

"சுமா... கொஞ்சம் ரசஞ்சாதம் பிசைஞ்சு தரியாம்மா?"

மல்லாபூரில் இப்போது ஊசி பாபா என்று ஒருவர் வந்திருக்கிறாராம். வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் தலைக்குள் இருக்கும் மூளை யாரும் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் அல்ல. தாராளமாகப் பயன்படுத்தலாம்.