பெரியம்மாவும் ஏழாம் அடிக்குறிப்பும்

பொய் எழுதி மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். நான் உண்மையை எழுதி, அதற்குப் பெயர், வயது, இடம், நேரம் எல்லாம் போட்டு மாட்டிக்கொண்டவள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சியில் கிராம அபிவிருத்தி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை கொடுத்தால்தான் பரீட்சையில் சித்தி. எங்கள் விரிவுரையாளர் (எங்களுக்கு 'சேர்') முதல் நாளே சொல்லிவிட்டார்:

"ஆதாரம் இல்லாமல் ஒரு வசனமும் எழுதக்கூடாது. ஆர் சொன்னது, எங்க, எப்ப, எல்லாம் அடிக்குறிப்பில வரவேணும். அதுக்குப் பேர்தான் உசாத்துணை."

முந்தின வருசம் இதற்காகவே நாலு பேரைப் பெயிலாக்கியவர்.

என் தலைப்பு 'கிராமப்புறப் பால் உற்பத்தி'. புத்தகம் தேடி நூலகத்துக்குப் போனால், சண்டையில் நூலகமே இடம்பெயர்ந்து போயிருந்தது. (என்னிடம் ஒரு சொல் சொல்லாமல்.) மிஞ்சியது பெரியம்மா. அம்மாவின் அக்கா, எங்களோடு இருந்து, நாலு மாடு வளர்த்து, ஊருக்குப் பால் கொடுத்தவா. விடியக்காலையில் அவா கறந்துகொண்டே கதைக்க, நான் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

கட்டுரையை வகுப்பில் வாசிக்கும் நாள் வந்தது.

"மூன்று போத்தல் பாலுக்கு ஒரு போத்தல் தண்ணீர் சேர்க்கப்படுகிறது. படித்தவர்கள் வீட்டுக்கு இரண்டு. அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்று கணீரென வாசித்தேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆதாரம்?"

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! "அடிக்குறிப்பு ஏழு, சேர். செ. தங்கம்மா, வயது ஐம்பத்து நான்கு, நேர்காணல், மாட்டுக் கொட்டில், காலை ஐந்தரை."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: சேரின் வீட்டுக்கு இரண்டு வருசமாகப் பால் கொடுப்பதும் பெரியம்மாதான்.

"நல்லது" என்றார் சேர். "ஆதாரத்தை நான் நேரில பார்க்கவேணும்."

அடுத்த நாள் பின்னேரம் அவருடைய சைக்கிள் எங்கள் படலை வாசலில் வந்து நின்றது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால்.

"உசாத்துணையைப் பார்க்க வந்தனான்" என்றார்.

"உசாத்துணையோ? அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையே, சேர்" என்றா பெரியம்மா. "அடுத்த ஒழுங்கையில கேட்டுப்பாருங்கோ."

சேர் கட்டுரையை நீட்டினார். வாசிக்க வாசிக்கப் பெரியம்மாவின் முகம் சிவந்தது. கதவுக்குப் பின்னால் நான் கும்பிடாத தெய்வமில்லை.

"ஆரடி எனக்கு ஐம்பத்துநாலு எண்டு எழுதினது? எனக்கு இப்பதான் ஐம்பத்திரண்டு!"

"அப்ப, அந்தத் தண்ணி?"

"அது சரிதான், சேர்!" என்றா அதே கோபத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தா.

'தகவல் சரி. ஆதாரத்தின் வயது பிழை' என்று சிவப்பு மையில் எழுதி, ஐந்து புள்ளி குறைத்துச் சேர் எனக்குச் சித்தி தந்தார். பெரியம்மா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அதன்பிறகு சேர் வீட்டுக்குச் சுத்தப் பால் போனது. (சேரின் பங்குத் தண்ணி என் தேத்தண்ணிப் பாலுக்கு வந்தது.)

பெரியம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. (இந்த முறை அவாவிடமே கேட்டு உறுதிப்படுத்தினேன்.) அயலட்டையில் நடந்த புதினம் ஏதும் சொல்ல வாயெடுத்தால், முதலில் என் கையில் பேனை இருக்கிறதா என்று பார்ப்பா. பிறகு குரலைத் தாழ்த்துவா:

"பிள்ளை, இது நேர்காணல் இல்லை. சும்மா கதை."